ஓடியவரும் இறங்கியவரும்: பிரித்தானிய வணிகக் கப்பல்களில் பணியாற்றிய இந்தியக் கடலோடிகளின் நினைவுச்சான்றுகள்

ஆய்வுச் சுருக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இரண்டாம் உலகப் போர் வரை, பிரித்தானிய வணிகக் கப்பல்களின் உழைப்பில் பெரும்பங்கு இந்தியக் கடலோடிகளுடையது. 'லஸ்கர்' என்ற பொதுப்பெயரால் குறிக்கப்பட்ட இவர்களைப் பற்றி அரசு ஆவணங்கள் மிகுதியாகப் பேசுகின்றன. அவர்களே பேசிய சான்றுகள் மிகக் குறைவு. இளமையில் கப்பலில் உழைத்தோர் முதுமையில் அளித்த வாய்மொழி நினைவுகளையும், தாதா அமீர் ஹைதர் கானின் தன்வரலாற்றையும் இக்கட்டுரை ஆவணங்களுடன் ஒப்பிட்டு நோக்குகிறது. ஆவணம் 'ஓடிப்போதல்' என்று குற்றமாகப் பதிந்த செயல், கடலோடியின் நினைவில் ஊதியத்தையும் ஒப்பந்தத்தையும் எடைபோட்டு எடுத்த முடிவாக அமைகிறது என்பதை நிறுவுவது இதன் நோக்கம்.

திறவுச்சொற்கள்: லஸ்கர், சாரங்கு, ஆசிய ஒப்பந்தம், வாய்மொழி வரலாறு, சில்ஹெட், கப்பல் துறத்தல்.

முன்னுரை

தமிழில் கடல்சார் வரலாறு பெரும்பாலும் அரசர்களின் கடற்படையெடுப்பையும் வணிகக் குழுக்களையும் துறைமுகங்களையும் மையமாகக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. நீராவிக் கப்பல் காலத்திற்கு வரும்போது 1906இல் வ.உ.சிதம்பரனார் தொடங்கிய சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனமும், அதற்குப் போட்டியாக நின்ற பிரித்தானிய இந்திய நீராவிக் கப்பல் நிறுவனமும் முன்னிற்கின்றன. அங்கும் எழுப்பப்படும் வினா, கப்பல் யாருக்கு உரியது என்பதே. கப்பலின் அடித்தளத்தில் உலைக்குக் கரியிட்டவர் யார், அவர் எவ்வாறு சேர்க்கப்பட்டார், எவ்வளவு பெற்றார், தம் உழைப்பை எவ்வாறு நினைவுகூர்ந்தார் என்னும் வினாக்கள் குறைவாகவே கேட்கப்பட்டுள்ளன.

இவ்வினாக்களுக்கு விடை தேடுவோர்க்கு ஆங்கிலத்தில் வளமான ஆய்வு மரபு உண்டு. ரோசினா விஸ்ராம், லாரா டபிலி, மைக்கேல் ஃபிஷர், ரவி அஹுஜா, கோ.பாலச்சந்திரன் முதலியோர் இந்தியக் கடலோடிகளைப் பேரரசின் தொழிலாளர் வரலாற்றில் உரிய இடத்தில் வைத்துள்ளனர். இவர்களின் ஆய்வுகள் பெரிதும் சட்டங்கள், விசாரணைக் குழு அறிக்கைகள், நிறுவனக் கடிதங்கள் ஆகியவற்றை ஆதாரமாகக் கொண்டவை. அவ்வாதாரங்களுக்கு எதிரே நினைவுச்சான்றுகளை வைத்துப் பார்க்கும்போது எவை மாறுகின்றன என்பதே இக்கட்டுரையின் ஆய்வுச் சிக்கல்.

1. லஸ்கர்: சொல்லும் சட்டமும்

'லஸ்கர்' என்னும் சொல் படையைக் குறிக்கும் 'லஷ்கர்' என்ற பாரசீகச் சொல்லிலிருந்து போர்த்துக்கீசியர் வழியாகக் கப்பல் வழக்கில் புகுந்தது. தமிழ்நாட்டுப் பொதுப்பணித் துறையில் பாசன மதகுகளைக் காக்கும் பணியாளரைச் சுட்டும் சொல்லாக அது இன்றும் வழங்குகிறது. கப்பலின் அடிநிலைத் தலைவரைக் குறிக்கும் சாரங்கு, அவருக்கு அடுத்த நிலையினரான தண்டல், பொது உழைப்பாளியான கலாசி ஆகிய பெயர்களும் தமிழுக்குப் புதியன அல்ல. தூத்துக்குடித் தோணியின் தலைவர் தண்டல் என்றே அழைக்கப்பட்டார். கலாசி என்பது இரயில்வேப் பணிப்பெயராக நிலைத்தது. இந்துஸ்தானி, போர்த்துக்கீசியம், அரபு, மலாய், ஆங்கிலம் முதலிய மொழிகள் கலந்து உருவான கப்பல் மொழிக்கு 1811ஆம் ஆண்டிலேயே தாமஸ் ரோபக் அகராதி தொகுத்தார். ஆணையிடும் அதிகாரிக்கும் ஆணை பெறும் உழைப்பாளிக்கும் பொதுமொழி ஒன்று தேவைப்பட்டதை அவ்வகராதி காட்டுகிறது.

சொல் பொதுவாக இருந்தபோதிலும் சட்டம் பிரித்தே வைத்தது. 1660ஆம் ஆண்டின் கப்பலோட்டச் சட்டம் பிரித்தானியக் கப்பலின் பணியாளரில் நான்கில் மூன்று பங்கினர் பிரித்தானியராக இருத்தல் வேண்டும் என விதித்தது. 1823ஆம் ஆண்டின் சட்டமோ, பிரித்தானிய ஆட்சிப் பகுதியில் பிறந்தவராயினும் லஸ்கர்களை அவ்விதியின்படி பிரித்தானியக் கடலோடிகளாகக் கொள்ளலாகாது என்று வரையறுத்தது. கப்பலோட்டச் சட்டங்கள் 1849இல் நீக்கப்பட்ட பின்னரும் இப்பிரிவினை தனி ஒப்பந்த முறையாகத் தொடர்ந்தது. 'ஆசிய ஒப்பந்தம்' எனப்பட்ட அம்முறையில் சேர்ந்தவரை ஒரு கப்பலிலிருந்து மற்றொரு கப்பலுக்கு மாற்றலாம். பணி முடிவில் அவர் இந்தியத் துறைமுகத்திலேயே விடுவிக்கப்பட வேண்டும். ஐரோப்பியத் துறைமுகத்தில் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு உள்ளூர் ஊதியத்திற்கு வேறு கப்பலில் சேர அவருக்கு வழியில்லை. இவ்விறுதிக் கூறே இக்கட்டுரையின் வாதத்திற்கு அடிப்படையானது.

ஒப்பந்த வேறுபாடு ஊதியத்தில் நேரடியாக வெளிப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்கு முன் ஆசிய ஒப்பந்தத்தினர் பெற்ற மாத ஊதியம், அதே பணியைச் செய்த பிரித்தானியக் கடலோடியின் ஊதியத்தில் மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைவு. 1906ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டம் பணியாளர் ஒருவருக்கான உறைவிடத்தை 120 கன அடியாக உயர்த்தியபோது, லஸ்கர்களுக்கு அவ்வளவு இடம் கட்டாயமாக்கப்படவில்லை. உணவிலும் இதே வேறுபாடு நிலவியது. 1914இல் பிரித்தானியக் கப்பல்களில் ஏறத்தாழ 51,000 லஸ்கர்கள் பணியாற்றினர். 1930களின் இறுதியில் மொத்தப் பணியாளரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர்.

2. நினைவுச்சான்றுகள்: இயல்பும் எல்லையும்

இத்துணைப் பெரிய தொழிலாளர் திரளிலிருந்து எழுத்துவடிவில் கிடைக்கும் தன்வரலாறுகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவற்றுள் குறிப்பிடத்தக்கது தாதா அமீர் ஹைதர் கானின் தன்வரலாறு. இராவல்பிண்டிப் பகுதிச் சிற்றூரில் பிறந்து, இளம்பருவத்தில் பம்பாய்க்கு வந்து, முதல் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியக் கப்பலில் சேர்ந்தவர் அவர். பின்னர்ப் பொதுவுடைமை இயக்கத்தில் இணைந்து 1930களின் தொடக்கத்தில் சென்னையில் மறைவாகப் பணியாற்றினார், 1932இல் கைதானார். பி.சுந்தரய்யா முதலியோரைப் பொதுவுடைமை இயக்கத்திற்கு ஈர்த்ததில் அவருக்குப் பங்குண்டு. தென்னிந்தியத் தொழிலாளர் இயக்க வரலாற்றில் அறியப்பட்ட அப்பெயர், கப்பல் உழைப்பின் வரலாற்றிற்கும் உரியது என்பது கருதத்தக்கது.

வாய்மொழிச் சான்றுகளில் முதன்மையானது கரோலின் ஆடம்ஸ் தொகுத்து 1987இல் வெளிவந்த நூல். கிழக்கு இலண்டனில் சமூகப் பணியாளராக இருந்த அவர், இன்றைய வங்கதேசத்தின் சில்ஹெட் பகுதியிலிருந்து கப்பல் வழியாக இங்கிலாந்து சேர்ந்த முதியோரின் வாழ்க்கைக் கதைகளைப் பதிவு செய்தார். ஏழு கடலும் பதின்மூன்று ஆறும் கடத்தல் என்னும் வங்கக் கதைமரபுத் தொடரே அந்நூலின் தலைப்பு. தமிழ்க் கதைமரபில் ஏழு கடல், ஏழு மலை தாண்டுதல் பெறும் இடத்தை அங்கு அத்தொடர் பெறுகிறது. யூசுப் சௌத்ரி 1995இல் வெளியிட்ட தொகுப்பு, இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய வங்கக் கடலோடிகளின் நினைவுகளைத் தாங்கியது.

இச்சான்றுகளின் எல்லைகளை முதலில் வரையறுத்தல் வேண்டும். பேசியவர்கள் பெரும்பாலும் இங்கிலாந்தில் நிலைபெற்றவர்கள். ஊர் திரும்பி உழவைத் தொடர்ந்தோர், உலைக்கூடத்தில் நலிந்தோர், கடலில் மடிந்தோர் ஆகியோரின் குரல் இவற்றில் இல்லை. ஆண்டுக்கணக்கில் காத்திருந்த மனைவியரும் தாய்மாரும் கதையின் ஓரத்திலேயே நிற்கின்றனர். நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் சொல்லப்பட்டவையாதலால் காலவரிசை பிறழ்வதுண்டு. சில்ஹெட்டி வழக்கு ஆங்கிலமாகும்போது சொற்களின் சாயலும் மாறுகிறது. ஆகவே தேதிகளையும் எண்ணிக்கைகளையும் உறுதிசெய்ய ஆவணமே துணை. ஆயினும், ஒரு செயல் செய்தவருக்கு என்ன பொருள் தந்தது என்பதை ஆவணத்தால் சொல்ல இயலாது. நினைவுச்சான்றின் தனிப்பயன் அங்கேதான் தொடங்குகிறது.

3. ஆள்சேர்ப்பு: சாரங்கின் இரு முகங்கள்

ஆள்சேர்ப்பு பெரும்பாலும் கல்கத்தாவிலும் பம்பாயிலும் நடைபெற்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பணிப்பிரிவுகள் வட்டாரம் சார்ந்து இறுகியிருந்தன. கல்கத்தாவில் மேல்தளப் பணிக்கு நவகாளி, சிட்டகாங், சந்தீப் ஆகிய கடலோரப் பகுதியினரும், உலைக்கூடப் பணிக்குச் சில்ஹெட் பகுதியினரும் சேர்க்கப்பட்டனர். பம்பாயில் கொங்கண, கட்ச் கடலோரத்தார் மேல்தளத்திலும், பஞ்சாபியரும் பத்தான்களும் உலைக்கூடத்திலும், கோவா கிறித்தவர்கள் உணவகப் பிரிவிலும் இடம்பெற்றனர். கடலிலிருந்து தொலைவிலுள்ள சில்ஹெட் கடலோடிகளின் ஊரானமைக்கு ஆற்றுவழி நீராவிப் படகுகளில் அம்மக்கள் பெற்ற பழக்கம் ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. முன்சென்றவர் பின்வந்தவரை அழைத்துக்கொண்ட உறவுச் சங்கிலி இதனை நிலைநிறுத்தியது.

பணிச்சான்று ஏடு கையிலிருந்தால் மட்டும் வேலை கிடைத்துவிடாது. கிதிர்ப்பூரில் விடுதி நடத்தியோரிடம் கடனுக்கு உண்டு, கடனுக்கு உறங்கி, மாதக்கணக்கில் கப்பலுக்குக் காத்திருத்தல் வழக்கம். வேலை வழங்கும் அதிகாரம் நடைமுறையில் சாரங்கிடமும் தரகரிடமும் இருந்தது. 1922ஆம் ஆண்டில் ஏ.ஜி.கிளவ் தலைமையில் அமைந்த கடலோடிகள் ஆள்சேர்ப்புக் குழுவும், 1929 முதல் 1931 வரை செயற்பட்ட இந்தியத் தொழிலாளர் அரச ஆணைக்குழுவும் இம்முறையில் மலிந்திருந்த கையூட்டைக் கண்டித்தன. இவ்வறிக்கைகளில் சாரங்கு ஒரு சுரண்டல்காரர்.

நினைவுச்சான்றுகள் இதனை மறுக்கவில்லை. கையூட்டு கொடுத்தமையையும் கடனில் மூழ்கியமையையும் வெளிப்படையாகவே சொல்கின்றன. ஆனால் அதே சாரங்கு ஊர்க்காரராகவும் உறவினராகவும் அவற்றில் வருகிறார். முதற்பயணச் சிறுவனுக்கு மொழிபெயர்ப்பவர் அவர். நோயுற்றவனின் முறையை மாற்றித் தருபவர் அவர். இறந்தவனின் உடைமையை வீட்டாரிடம் சேர்ப்பிக்கும் பொறுப்பும் அவரைச் சார்ந்தது. சாரங்கை மட்டும் குற்றவாளியாக்குவது கப்பல் நிறுவனங்களுக்கு வசதியாக இருந்தது என்பதை இவ்விரு முகங்களையும் சேர்த்துப் பார்க்கும்போது உணரலாம். தொழிலாளரைக் கட்டுப்படுத்தும் பணியை ஊதியமின்றிச் சாரங்கிடம் ஒப்படைத்த நிறுவனங்கள், அம்முறையின் பழியையும் அவரிடமே விட்டன.

4. உலைக்கூடம்

1869இல் சூயசுக் கால்வாய் திறக்கப்பட்ட பின் கீழை நாட்டுப் பாதையில் நீராவிக் கப்பல் மேலோங்கியது. பாய்மரக் கப்பலில் பாயும் கயிறும் கையாண்ட உழைப்பின் இடத்தைக் கரியும் நெருப்பும் பிடித்தன. கரி அறையிலிருந்து வண்டியில் கரியைத் தள்ளிவருவோர் ஒருபுறம். உலைவாயில் நின்று கரியை வாரியிட்டு, கிளறி, உருகி இறுகிய கசடை நீண்ட கம்பியால் பெயர்த்தெடுப்போர் மறுபுறம். நான்கு மணிநேரப் பணி, எட்டு மணிநேர ஓய்வு என்னும் சுழற்சி இரவுபகலாகத் தொடர்ந்தது. செங்கடலில் செல்லும்போது உலைக்கூட வெப்பம் 50 பாகை செல்சியசைக் கடப்பது இயல்பு. வெப்பத்தால் மயங்கி விழுந்தோரைத் தளத்திற்குத் தூக்கிவந்த நிகழ்வுகளும், வேதனை தாளாது கடலில் குதித்தோர் பற்றிய பதிவுகளும் உண்டு.

வெப்பநாட்டினர் வெப்பத்தைத் தாங்குவர் என்பது நிறுவனங்கள் அடிக்கடி முன்வைத்த வாதம். இதனை உடலியல் உண்மைபோல் கூறிக்கொண்ட அவை, குளிர்க்கடல்களில் அதே பணியாளரை அனுப்பும்போது இக்கருத்தை நினைவுகூரவில்லை. நினைவுச்சான்றுகளில் உலைக்கூடம் தாங்கிக்கொண்ட இடமாக மட்டும் இடம்பெறுவதில்லை. கற்றுக்கொண்ட இடமாகவும் இடம்பெறுகிறது. எந்தக் கரி விரைந்து எரியும், நெருப்பின் நிறம் எதைக் காட்டும், உலைக்கதவைத் திறக்கும் நொடியில் உடலை எப்புறம் திருப்ப வேண்டும் என்பன பழகிப்பெற்ற தொழிலறிவு. ஆவணம் 'திறனற்ற உழைப்பு' என வகைப்படுத்திய பணியில் கப்பலின் வேகமும் பாதுகாப்பும் அடங்கியிருந்தன. குறைந்த ஊதியத்திற்கு அவ்வகைப்பாடு ஒரு காரணமாகக் காட்டப்பட்டது.

5. ஓடுதலும் இறங்குதலும்

மேற்கூறிய அனைத்தும் சந்திக்கும் இடம், கடலோடி ஓர் அயல்நாட்டுத் துறைமுகத்தில் இறங்கித் திரும்பாமற்போகும் தருணம். பணியாளர் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே 'ஓடிப்போனவர்' என்று எழுதப்பட்டது. வணிகக் கப்பல் சட்டத்தின்படி அவருக்குச் சேரவேண்டிய ஊதியமும் கப்பலில் விட்டுச்சென்ற உடைமைகளும் பறிமுதலுக்கு உரியன. பட்டியலில் அத்துடன் அவர் கதை முடிகிறது.

நினைவுச்சான்றில் கதை அங்கிருந்துதான் வளர்கிறது. ஊதியத்தின் பெரும்பகுதி பயண முடிவில் இந்தியாவில் வழங்கப்பட்டதால், இடையில் இறங்குவது நிலுவை முழுவதையும் இழப்பதாகும். அவ்விழப்பை ஏற்கத் துணிந்தவரிடம் ஒரு கணக்கு இருந்தது. அதே கடலோடி பிரித்தானியத் துறைமுகத்தில் பொது ஒப்பந்தத்தில் சேர்ந்தாலோ, கரையில் உணவகத்திலோ தொழிற்சாலையிலோ வேலை பெற்றாலோ, பலமடங்கு ஈட்ட முடியும். எந்தத் துறைமுகம், எந்தக் காவல்முறை நேரம், யாருடைய வீடு என்பன முன்கூட்டியே அறியப்பட்டிருந்தன. கப்பலுக்குக் கப்பல் வாய்வழியாகக் கைமாறிய முகவரிகள் இதற்குத் துணைநின்றன.

அம்முகவரிகளில் ஒன்று ஆயூப் அலி மாஸ்டருடையது. கிழக்கு இலண்டனின் கமர்ஷியல் தெருவில் ஷா ஜலால் என்னும் காப்பிக்கடை நடத்திய அவர், சாண்டிஸ் ரோ தெருவின் 13ஆம் எண் இல்லத்தில் வந்தவர்க்கு உணவும் இடமும் அளித்தார். எழுத்தறியாதோர்க்குக் கடிதம் எழுதினார். அலுவலகங்களில் பதிவுசெய்யவும் உதவினார். அவரும் ஷா அப்துல் மஜீத் குரேஷியும் இணைந்து 1943இல் இந்தியக் கடலோடிகள் நலச் சங்கத்தை நிறுவினர். கப்பலிலிருந்து இறங்கியவரே குரேஷியும். 1938இல் சோஹோ பகுதியில் தில்குஷ் என்னும் உணவகத்தைத் தொடங்கியவர். 'ஓடிப்போனோர்' சிதறிய தனியர்கள் என்ற எண்ணத்தை இவ்வமைப்புகள் தகர்க்கின்றன.

இச்செயலின் குற்றத்தன்மை சட்டத்தால் ஆக்கப்பட்டது என்பதற்கு அமெரிக்கத் துறைமுகங்கள் தெளிவான சான்று. 1915ஆம் ஆண்டின் அமெரிக்கக் கடலோடிகள் சட்டம், பணியை விட்டுச்செல்லும் கடலோடியைக் கைதுசெய்து கப்பலில் ஒப்படைக்கும் முறையை நீக்கியது. அயல்நாட்டுக் கப்பல்களின் பணியாளரும் அமெரிக்கத் துறைமுகத்தில், அதுவரை ஈட்டிய ஊதியத்தில் பாதியைக் கோரலாம் என்றது. கல்கத்தாவில் கையொப்பமிட்ட ஒருவர் இலண்டனில் இறங்கினால் சட்டமீறல். நியூயார்க்கில் இறங்கினால் கைதுக்கு இடமில்லை. அமீர் ஹைதர் கான் 1918இல் நியூயார்க்கில் பிரித்தானியக் கப்பல் பணியைத் துறந்து அமெரிக்க வணிகக் கப்பலில் சேர்ந்தார். எனினும் 1917ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் ஆசியரின் வருகைக்குத் தடை விதித்திருந்தமையால், அங்கு இறங்கியோரும் அடையாளம் மறைத்தே வாழ நேர்ந்தது. அவர்களுள் பலர் ஹார்லெம் முதலிய பகுதிகளில் குடும்பம் அமைத்ததை விவேக் பால்டு விரிவாக ஆராய்ந்துள்ளார்.

பிரித்தானியா இக்கணக்கை அறியாமலில்லை. 1925ஆம் ஆண்டின் நிறமுள்ள அயல்நாட்டுக் கடலோடிகள் ஆணை, பிரித்தானியக் குடிமை உரிமையை ஆவணத்தால் மெய்ப்பிக்க இயலாத கடலோடிகளைக் காவல்துறையிடம் பதியச் செய்தது. பேரரசின் குடிகளான இந்தியர் பலரும் இதனால் அயலாராகப் பதியப்பட்டனர். இறங்கியவரின் கையில் ஆவணம் இல்லாததற்கு அவர் இறங்கிய முறையே காரணம் என்பதால், அவ்வாணை யாரைத் தாக்கும் என்பது முன்னரே தெளிவு.

6. போர்க்காலம்

1939 செப்டம்பரில் போர் தொடங்கியதும் தனியர் கணக்கு கூட்டுக் கோரிக்கையாயிற்று. இலண்டன், கிளாஸ்கோ, லிவர்பூல் முதலிய துறைமுகங்களில் இந்தியக் கடலோடிகள் ஊதியத்தை இருமடங்காக்கக் கோரிக் கப்பலேற மறுத்தனர். பலர் சிறைப்பட்டனர். அப்தாப் அலி தலைமையிலான அனைத்திந்தியக் கடலோடிகள் கூட்டமைப்பும், இலண்டனில் சூரத் அலி மேற்கொண்ட அமைப்புப் பணியும் இப்போராட்டத்திற்கு வலுவூட்டின. அவ்வாண்டு இறுதிக்குள் 25 விழுக்காடு உயர்வு பெறப்பட்டது. போரின் போக்கில் மேலும் உயர்வுகள் கிடைத்தன. பதினாயிரம் கல் தொலைவு ஏங்கிநின்ற ஊதிய உயர்வு சில மாதங்களில் இயன்றதெனின், முன்னர் அது மறுக்கப்பட்டதற்கு இயலாமை காரணமன்று என்பது புலப்படும்.

இரண்டாம் உலகப் போரில் ஏறத்தாழ 6,600 இந்திய வணிகக் கடலோடிகள் உயிரிழந்தனர்; 1,022 பேர் காயமுற்றனர்; 1,217 பேர் சிறைபிடிக்கப்பட்டனர். நீர்மூழ்கியின் தாக்குதலில் முதலில் நீர் புகுமிடம் பெரும்பாலும் பொறியறையும் உலைக்கூடமுமே. முதல் உலகப் போரில் மாண்ட வங்காள, அசாம் கடலோடிகள் 896 பேருக்காக 1924இல் கல்கத்தாவில் ஹூக்ளிக் கரையில் நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. இரண்டாம் போரில் மடிந்தோர் பெயர்கள் மும்பையிலும் சிட்டகாங்கிலும் வைக்கப்பட்டுள்ள பதிவேடுகளில் உள்ளன. ஒப்பந்தத்தில் பிரிக்கப்பட்ட உழைப்பாளர், நினைவேந்தலிலும் தம் பிரித்தானியத் தோழர்களிடமிருந்து தொலைவிலேயே நிறுத்தப்பட்டனர்.

முடிவுரை

நினைவுச்சான்று ஆவணத்தின் இடத்தை நிரப்ப வந்ததன்று. ஆவணத்தின் வகைப்பாடுகளைச் சோதிக்கும் கருவி அது. சுரண்டல்காரர், திறனற்ற உழைப்பு, ஓடிப்போனவர் ஆகிய மூன்று வகைப்பாடுகளும் கடலோடிகளின் நினைவை எதிர்கொள்ளும்போது உருமாறுகின்றன. சாரங்கு நிறுவனம் கைகழுவிய பொறுப்புகளைச் சுமந்தவராகவும், கரியிட்டவர் தொழிலறிவுடையவராகவும், ஓடியவர் சமமற்ற ஒப்பந்தத்திலிருந்து தம்மால் இயன்ற ஒரே வழியில் வெளியேறியவராகவும் தெரிகின்றனர். கடலோடிக்குத் தன் ஒப்பந்தத்தை இங்கிலாந்தில் முடித்துக்கொள்ளும் உரிமை இருந்திருப்பின், 'ஓடிப்போதல்' என்ற பதிவுக்கே தேவை எழுந்திராது.

இம்முடிவு தமிழ்க் கடல்சார் ஆய்வுக்கும் ஒரு பணியை முன்வைக்கிறது. சில்ஹெட் கடலோடிகளின் கதைகள் 1980களில் ஒருவர் அமர்ந்து கேட்டதனால் மட்டுமே எஞ்சின. அன்று பேசிய தலைமுறை இன்று இல்லை. தமிழகக் கடலோரத்தில் தோணித் தண்டலாகவும் வணிகக் கப்பல் பணியாளராகவும் உழைத்து ஓய்ந்த முதியோர் இன்றும் உள்ளனர். அவர்களது சொற்களஞ்சியமும் பயண நினைவும் தொழிலறிவும் முறையாகப் பதிவாகுமாயின், கப்பல் யாருக்கு உரியது என்ற வினாவோடு, கப்பல் யாரால் ஓடியது என்ற வினாவுக்கும் தமிழிலேயே விடைகாண இயலும்.